ஈரத்தோடு மடிக்காதே

எம்.ஜி. ரோட்ஸ்டர், ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மாஸ்டாவின் சின்ன இருவர் கார் என்று துணிக்கூரை வைத்த எந்தக் காரின் கையேட்டைப் புரட்டினாலும் ஓர் எச்சரிக்கை கண்ணில் படும்: கூரை ஈரமாக இருக்கும்போது மடித்து வைக்காதீர்கள். பெரும்பாலோர் இதைப் படிப்பதில்லை. மழை விட்டு வெயில் அடித்ததும் கூரையைப் பின்னால் மடக்கித் தள்ளிவிட்டு ஊர் சுற்றி வருகிறார்கள். அப்படியே ஷெட்டில் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துக் கதவைத் திறக்கும்போது மூக்குக்குத்தான் முதலில் விஷயம் தெரிகிறது. இருக்கைத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம். கூரையின் மடிப்புக்குள் கரும்புள்ளிகள். மிதியடியைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று ஓதம்.

இந்த எச்சரிக்கைக்குக் காரைவிட வயது அதிகம். துணியை ஈரத்தோடு சுருட்டினால் என்ன ஆகும் என்பது கடலோடிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில், மழை ஓய்ந்த பிறகு துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் பாய்களை அவிழ்த்துத் தொங்கவிடும். பயணம் எதுவும் இருக்காது, உலர்த்துவது மட்டுமே வேலை. ஆளி நாரில் நெய்த கனத்த கித்தானை நனைந்தபடி சுருட்டிக் கட்டினால் சில நாளில் புள்ளி விழும், பிறகு இழை இற்றுப்போகும், அடுத்த புயலில் பாய் நார் நாராகக் கிழியும். மீன்பிடிப் படகுக்காரர்கள் இன்னொரு தற்காப்பும் வைத்திருந்தார்கள். காசுக்கட்டி கரைத்துக் கொதிக்கும் தொட்டியில் பாயையும் வலையையும் முக்கி எடுப்பார்கள். நம் வீடுகளில் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. அதன் துவர்ப்பு இழையில் ஏறினால் பூஞ்சைக்கு அதைத் தின்பது கடினம். வட ஐரோப்பியக் கரைகளில் படகுப் பாய்கள் செம்பழுப்பாகக் காட்சி தந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழகக் கடற்கரையில் பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றிய மீனவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

சாலையில் இந்தத் தொல்லையை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் கோச்சு வண்டிக்காரர்கள். லாண்டோ, பரூஷ் போன்ற பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வண்டிகளின் கூரை மரவளைவுகள் மேல் இழுத்துக் கட்டிய தோலால் ஆனது. இரும்பு மூட்டுகள் அதை மடக்கவும் நிமிர்த்தவும் உதவின. வண்டிக்கு வேலை இல்லாதபோது கூரையை நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பது கொட்டகைப் பணியாளர்களின் பாலபாடம். மடித்து வைத்தால் மடிப்பில் தோல் வெடிக்கும், வெடிப்பில் ஈரம் தங்கும். வசதியுள்ள வீடுகளில் வண்டிக்கொட்டகையைக் குதிரை லாயத்திலிருந்து பிரித்துக் கட்டினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா வார்னிஷையும் தோலையும் கெடுக்கும் என்பது அதற்குக் காரணம். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் கணப்பு மூட்டி வைப்பதும் உண்டு. இத்தனையும் பெட்ரோல் வண்டி பிறப்பதற்கு முன்பே நடைமுறையில் இருந்த பராமரிப்பு.

பிறகு வந்தது ரப்பர். 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கிண்டாஷ், நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மழை புகாத துணி என்றால் இனி இதுதான் என்று உலகம் நம்பியது. வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போன குறையை 1840களில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறை தீர்த்தது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதற்குத் தனித்தனியே உரிமை கொண்டாடினார்கள். ஆனால் இந்தத் துணியின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ரப்பர் நடுவில் இருக்கிறது, மேலும் கீழும் பருத்தி. மேல் பருத்தி மழையைக் குடிக்கிறது. கீழ்ப் பருத்தி உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரத்தைக் குடிக்கிறது. முன்பு கித்தான் இரு பக்கமும் மூச்சு விட்டது, இப்போது அந்த வழி அடைபட்டுப் போயிற்று. ஒழுகல் குறைந்தது, உலர்வதும் குறைந்தது. மடக்குக் கூரையின் வரலாற்றில் இது மறுபடி மறுபடி நடக்கும். புதுப் பொருள் ஒன்று வந்து தண்ணீரை ஓரிடத்தில் தடுக்கும், தண்ணீர் வேறோர் இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த ரப்பருக்கு ஒரு தமிழ்க் கதையும் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்திவிட்டது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் தமிழர்களே மிகப் பலர். பாரிஸிலும் டெட்ராய்ட்டிலும் ஓடிய கார்களின் டயரில் மட்டுமல்லாமல், மழைக்கு இழுத்து மூடிய கூரைத்துணியிலும் அவர்கள் உழைப்பு இருந்தது. கார் வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.

தொடக்கக் காலக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்தவைதான். 1908இல் வந்து 1927 வரை 1.5 கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி வண்டியில் நெடுங்காலம் அதிகம் விற்றது துணிக்கூரை போட்ட டூரிங் வகை. மழை வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டவேண்டும். கூரையை இரண்டு பேர் பிடித்து இழுத்து நிமிர்த்தி, வாரால் முன்பக்கம் கட்டவேண்டும். பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கி, அடியில் சுருட்டி வைத்திருக்கும் பக்கத் திரைகளை எடுத்து ஒவ்வொரு பொத்தானாக மாட்டவேண்டும். திரையின் நடுவில் செல்லுலாயிட் சன்னல், நாளடைவில் மஞ்சள் பாய்ந்து வெளியே தெரியாமல் போகும். இதற்குள் எல்லோரும் நனைந்திருப்பார்கள். மழை விட்டதும் அதே திரைகளைச் சொட்டச் சொட்டச் சுருட்டி, அதே மெத்தையின் அடியில் திணித்துவிட்டுப் பயணம் தொடரும். மெத்தைக்குள் குதிரைமயிர், சுற்றிலும் இருட்டு, காற்றோட்டம் கிடையாது. பூஞ்சை வளர்க்க ஒருவர் திட்டம் போட்டுப் பெட்டி செய்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது.

மக்கள் சலித்துப்போனதைக் கணக்கு காட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் தம் நினைவுநூலில் தரும் விவரப்படி, 1919இல் அமெரிக்கத் தொழில்துறை விற்ற கார்களில் பத்து சதவீதம்தான் மூடிய வண்டி. 1924இல் அது 43 சதவீதம் ஆயிற்று, 1927இல் 85 சதவீதம். ஹட்சன் நிறுவனத்தின் எஸெக்ஸ் கோச் இந்தத் திருப்பத்தில் பெரும்பங்கு வகித்தது. அதன் மூடிய வண்டி முதலில் திறந்த வண்டியைவிட 300 டாலர் கூடுதலாக விற்றது. 1925இல் திறந்த வண்டியைவிட ஐந்து டாலர் குறைவாகவே கிடைத்தது. விலையில் வித்தியாசம் இல்லை என்றானதும் மழையில் நனைய யாருக்கு ஆசை வரும்? திறந்த கார் அன்றாட வாகனம் என்ற இடத்தை இழந்தது. பிரியப்பட்டவர்கள் மட்டும் வைத்திருக்கும் வண்டியாக, வாரத்தில் ஒரு நாளோ கோடையில் சில மாதங்களோ ஓடி, மீதி நாளெல்லாம் நிற்கும் வண்டியாக அது மாறியது. பூஞ்சணத்தைப் பொறுத்தவரை இந்த மாற்றம்தான் முக்கியமானது. ஓடுகிற வண்டியில் எஞ்சின் சூடும் காற்றும் ஈரத்தை இழுத்துப்போகும். நிற்கிற வண்டியில் அந்த வாய்ப்பே இல்லை.

நிற்கிற வண்டிகளின் நாடு என்று பிரிட்டனைச் சொல்லலாம். எம்.ஜி. டி.சி. 1945 முதல் 1949 வரை சுமார் பத்தாயிரம் வெளிவந்தது. அதன் பின்னோர் எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் உருவாகி ஐந்து லட்சத்தைத் தாண்டியது. டி.சி.யின் தகட்டுக்கு அடியில் இருப்பது ஆஷ் மரச்சட்டம். தரையில் விரித்த கம்பளத்துக்கு அடியில் சணல் மெத்தை. வங்காளத்தில் விளைந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளுக்குப் போன சணல், உலகெங்கும் கம்பளங்களுக்கும் மூட்டைகளுக்கும் அடிப்படைப் பொருளாக இருந்த காலம் அது. இருக்கையில் தோல் அல்லது ரெக்ஸின். அசல் தோலைப் பதமாக வைக்க மாட்டுக்கால் எண்ணெய் போன்ற கொழுப்புகளைப் பூசுவார்கள், பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பே உணவு. மரம், சணல், பருத்தி, தோல், மயிர் என்று அந்தக் கார்களின் உட்புறம் முழுக்க உயிர்ப்பொருள்கள். அழகு இருந்தது, கைவேலையின் நேர்த்தி இருந்தது. நுண்ணுயிர்களுக்கு ஒரு விருந்தும் இருந்தது.

பிரிட்டனில் பலர் செய்த ஒரு தவறு வேதியியல் சம்பந்தப்பட்டது. குளிர்காலத்தில் ஷெட் ஓதம் காக்கிறதே என்று மண்ணெண்ணெய் அடுப்பையோ சிறு விளக்கையோ காருக்குப் பக்கத்தில் எரியவிடுவார்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் போகிறது என்றே தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். புகைபோக்கி இல்லாத அடுப்பு அந்த ஆவி முழுவதையும் ஷெட்டுக்குள்ளேயே விடுகிறது. இரவில் அடுப்பு அணைந்து தகடு குளிர்ந்ததும் அது காரின் மேல், கூரையின் உட்புறத்தில், இருக்கைத் தோலில் பனியாகப் படிகிறது. வெந்நீர்க் குழாய் ஓடும் பழைய மோட்டார் கொட்டகைகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அவற்றில் கொதிகலன் சுவருக்கு வெளியே இருந்தது. பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்ற பயத்தில் செய்த ஏற்பாடுதான் அது. ஆனாலும் கார் உலர்வாக இருக்க அதுவே உதவியது.

கணக்காகவே பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் 7 கிராம்தான். இந்த வித்தியாசம்தான் பனியாகக் கொட்டுகிறது. சின்ன இருவர் காரின் உட்புறம் இரண்டு கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பளத்தின் அடி மெத்தை ஒரு லிட்டர் தண்ணீரைச் சர்வசாதாரணமாகக் குடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் கையில் ஒட்டாது. அந்த ஒரு லிட்டரை வெளியேற்ற, சொட்டு ஈரமும் இல்லாத காற்றை முப்பது முறை உள்ளே நிரப்பி வெளியே தள்ள வேண்டும். வெளிக்காற்றே பாதி ஈரமாக இருக்கும்போது எத்தனை முறை என்பதை ஊகிக்கலாம். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் எண்பது சதவீதத்தில் சில நாள் நின்றாலே போதும், தூசியில் எப்போதும் இருக்கும் பூஞ்சை வித்துகள் முளைத்துவிடும். சில இனங்களுக்கு எழுபத்தைந்தே தாராளம்.

பூஞ்சைக்கும் துணிக்கும் நடந்த இந்தச் சண்டையின் மிகப் பெரிய களம் தென் பசிபிக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகள் பக்கம் இறங்கிய அமெரிக்கப் படைக்குப் பெரிய தலைவலி, கண் முன்னால் மக்கிப்போன தளவாடங்கள். கூடாரம், பைகள், வார்கள், பருத்தித் துணிக்கூரை போட்ட வண்டிகள் எல்லாம் நம்ப முடியாத வேகத்தில் இற்றுப்போயின. படையின் தளவாடப் பிரிவு ஒரு ஆய்வுக்குழுவை அமைத்து, கெட்டுப்போன பொருள்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நுண்ணுயிர்களைத் திரட்டியது. போகன்வில் தீவில் ஒரு பருத்திக் கூடாரத்திலிருந்து 1944இல் பிரித்தெடுத்த பூஞ்சைக்கு QM6a என்ற எண் கிடைத்தது. பருத்தியின் செல்லுலோஸை அது கரைத்துத் தின்னும் விதத்தை எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். 1977இல் அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸை என்று ரீஸின் பெயரையே சூட்டினார்கள். ஜீன்ஸ் துணியை வெளுத்த தோற்றத்துக்குக் கொண்டுவரவும், வைக்கோல் போன்ற கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கவும் இன்று உலகமெங்கும் பயன்படும் நொதிகளில் பெரும்பங்கு அந்த ஒரே கூடாரத்துப் பூஞ்சையின் வம்சம் தருவது. கித்தானை எது தின்கிறது, எப்படித் தின்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான பதில் அங்கிருந்துதான் வந்தது.

துணியைக் காக்கும் மருந்துகள் அதற்கு முன்பே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் வில்ஸ்டனில் செம்பு அம்மோனியக் கரைசலில் முக்கிய பச்சைக் கித்தான் தயாரானது. எளிதில் மக்காது என்பதால் நெடும்பயணம் போனவர்கள் அதைக் கூடாரத்துக்கு விரும்பினார்கள். போர்க்காலத்தில் செம்பு நாஃப்தினேட் பெருவாரியாகப் பயன்பட்டது. ஆனால் செம்பு மருந்தின் பச்சை நிறமும் வாடையும் சொகுசுக் காருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே கார்க்காரர்கள் வேறு வழி தேடினார்கள்.

அந்த வழி செயற்கைப் பொருள். முதலில் வினைல். துணியின் மேல் பி.வி.சி. பூசினால் தண்ணீர் உருண்டு ஓடுகிறது, சோப்புப் போட்டுத் துடைக்க முடிகிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்க கன்வர்ட்டிபிள்கள் பெரும்பாலும் வினைலுக்கு மாறின. இதுவும் முழுத் தீர்வாக இல்லை. பி.வி.சி.யை வளையச் செய்யும் எண்ணெய்ப்பசையான சேர்மானம் சில பூஞ்சைகளுக்கு உணவாகிறது. ஆரியோபசிடியம் புல்லுலன்ஸ் என்ற கரும்பூஞ்சை அதில் குடியேறினால் கூரையின் நிறமே திட்டுத்திட்டாகக் கறுக்கும். அடுத்து வந்தது அக்ரிலிக் நார், இழை உருவாகும்போதே சாயம் ஏற்றியது. இன்றைய நல்ல துணிக்கூரைகள் பலவற்றின் மேல்முகம் இதுதான். அக்ரிலிக்கைப் பூஞ்சை தின்னாது. ஆனால் அதன் நெசவில் படிந்த மகரந்தத்தையும் இலைத்தூளையும் பறவை எச்சத்தையும் தின்னும். ஆகவே இந்தக் கூரையில் பூஞ்சணம் பிடித்தால் கூரையின் மேல் குற்றமில்லை, கழுவாமல் விட்டதுதான் காரணம். தையல் நூலையும் மறக்கக் கூடாது. பழைய கூரைகளில் துணி நன்றாக இருக்கும், பருத்தி நூல் மட்டும் தையல் ஓட்டைகளில் ஈரம் தங்கி இற்றுப்போய், ஒரு நாள் வேகத்தில் போகும்போது பட்டென்று பிரியும்.

தகட்டுக் கூரையே மடங்கினால் இந்தத் தொல்லை இருக்காதே என்று நினைத்தவர்களும் உண்டு. பாரிஸில் பல் மருத்துவராக இருந்து கார் வடிவமைக்க வந்த ஜார்ஜ் போலேன் 1930களில் அதைச் செய்துகாட்டினார். பெஜோவின் எக்லிப்ஸ் வண்டிகளில் இரும்புக் கூரை முழுசாகப் பின்பெட்டிக்குள் இறங்கியது. ஃபோர்டு 1957 முதல் 1959 வரை விற்ற ஸ்கைலைனர் 48,394 வண்டிகளோடு நின்றுவிட்டது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. இந்த யோசனைக்கு மறுவாழ்வு தந்தது. துணி போயிற்று, அதன் இடத்தில் மீட்டர் கணக்கில் ரப்பர் ஓரப்பட்டைகள் வந்தன. அவை காய்ந்து சுருங்கியதும் தண்ணீர் மூலைகளில் இறங்கியது. வெளியே இரும்பு, உள்ளே ஈரக் கம்பளம்.

இந்த வரலாற்றில் தனி மரியாதைக்குரியது ஓஸ்னாப்ரூக் நகரத்து கார்மன் பட்டறை 1949 முதல் 1980 வரை கட்டிய பீட்டில் கேப்ரியோலே. 3,31,000க்கும் மேல் கட்டினார்கள். அதன் கூரை ஒரு துணி அல்ல, ஓர் அடுக்கு. வெளியே மழைத்துணி, நடுவே ரப்பர் பால் தெளித்த மயிர் மெத்தை, உள்ளே வீட்டு விதானம் போல இழுத்துத் தைத்த உறை. பின்னால் அசல் கண்ணாடி. ஜெர்மன் பனிக்காலத்தில் அதை மூடி வைத்து ஓட்டினால் சாதாரணக் காருக்கு ஈடாகக் கதகதப்பாக இருக்கும். இருக்கைக்குள் தென்னை நாரில் ரப்பர் கலந்த மெத்தை. பழைய பீட்டிலுக்குள் தலையை நீட்டினால் வரும் தனி மணத்துக்கு இந்த நாரும் மயிரும்தான் காரணம் என்பார்கள் அதன் பிரியர்கள். கூரை அவ்வளவு தடிமன் என்பதால், வெளித்துணி கையில் காய்ந்திருந்தாலும் நடு மெத்தை நாலைந்து நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மடக்கினால் பின்னால் ஒரு பெரிய மூட்டையாக நிற்கும். அந்த மூட்டைக்குள் காற்றுப் புகாது. விவரம் தெரிந்த உரிமையாளர்கள் அதனால்தான் குளிர்காலம் முழுவதும் கூரையை நிமிர்த்தியே, ஆனால் முன் கொக்கியைச் சற்றுத் தளர்த்தி வைத்தார்கள்.

இதற்கிடையே துணிக்கூரைக் காரே ஒழிந்துவிடும் போலிருந்தது. 1976இல் தன் எல்டொராடோவை, 14,000 வண்டிகளோடு, அமெரிக்காவின் கடைசி கன்வர்ட்டிபிள் என்று காடிலாக் விளம்பரம் செய்தது. கவிழ்ந்தால் பாதுகாப்பு இல்லை என்று சட்டம் வரும் என்ற அச்சமும், ஏ.சி.யின் பரவலும் அதற்குக் காரணம். சட்டம் வரவில்லை. 1980களில் திறந்த கார்கள் திரும்பி வந்தன.

போரிலிருந்து கார் ஷெட்டுக்கு வந்த இன்னொரு சரக்கு ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள். வால்டர் பேட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்ற இந்த மணிகள் முதல் உலகப் போரின் விஷவாயு முகமூடி ஆராய்ச்சியோடு தொடர்புடையவை. இரண்டாம் போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை உபரிக் கப்பல்களை உடைக்காமல், மூடி முத்திரையிட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் எந்திரங்களை ஓடவிட்டுப் பல்லாண்டு பாதுகாத்தது. விலையுயர்ந்த கார்களை மின்விசிறி வைத்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நிறுத்தும் இன்றைய வழக்கம் அதே யோசனையின் சிறு வடிவம். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பைகள் நல்லவைதான், ஆனால் அரைக் கிலோ மணிகள் தம் எடையில் ஒரு பகுதி அளவு தண்ணீரைத்தான் எடுக்கும். கம்பளத்தடியில் ஒரு லிட்டர் இருக்கும் காரில் அதை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. முதலில் இருக்கையைக் கழற்றி, கம்பளத்தை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். பையின் வேலை அதற்குப் பிறகுதான்.

பூஞ்சணம் பிடித்துவிட்ட காரைச் சுத்தம் செய்வதிலும் காலம் பாடம் கற்றிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கரைசல் புள்ளியை வெளுக்கும், கூடவே தையல் நூலையும் தோலையும் அரிக்கும். அனுபவம் உள்ளவர்கள் காரை வெட்டவெளிக்குத் தள்ளி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, நுண்வடிகட்டி வைத்த வேக்யூமால் வித்துகளை முதலில் உறிஞ்சி எடுக்கிறார்கள். உலர்ந்த துணியால் தட்டினால் வித்து காரெங்கும் பரவும். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த வேலையின் பக்கமே போகக் கூடாது. தோலில் தெரியும் வெண்படலம் எல்லாமே பூஞ்சணம் அல்ல. பதனிடும்போது ஏற்றிய கொழுப்பு குளிரில் மேலே வந்து படிவதும் உண்டு. தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது. ஒரு நிமிடச் சோதனை, வீண் செலவு மிச்சம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. போட்டி நடுவர்கள் அசல் சணலையும் மயிரையும் கேட்கிறார்கள். ஓட்டுகிறவர் ஈரம் குடிக்காத மூடிய துளை நுரையை விரும்புகிறார். கடையில் மலிவாகக் கிடைக்கும் திறந்த துளை ஸ்பாஞ்சை வைப்பதைவிட மயிரே மேல் என்றுதான் சொல்லவேண்டும். மயிர் மெத்தை நனைந்தாலும் இடைவெளி வழியே காற்று புகுந்து ஒரு வாரத்தில் காயும். ஸ்பாஞ்சு நனைந்தால் நனைந்ததுதான். மரத்தைக் கைவிடாத மோர்கன் நிறுவனம் மால்வர்னில் இன்றும் ஆஷ் சட்டங்களோடு கார் கட்டுகிறது. 1980களிலிருந்து அந்தச் சட்டங்களைப் பூஞ்சைக்கொல்லியில் ஊறவைத்துப் பிறகே பயன்படுத்துகிறார்கள். அதற்கு முந்தைய மோர்கன்களை வாங்குவோர் கதவுத் தூணின் அடியில் கத்தி முனையால் குத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு.

இன்றைய கார்களில் தண்ணீர் ஒளியும் இடம் வடிகால். கூரையின் விளிம்பில் விழும் மழையை ஒரு தூம்பு பிடித்து, ரப்பர் குழாய் வழியே காரின் உடலுக்குள்ளேயே இறக்கி, அடியில் வெளியே விடுகிறது. 1989இல் வந்து 2016இல் பத்து லட்சத்தை எட்டிய மாஸ்டா எம்.எக்ஸ்-5இல் இந்தக் குழாய்கள் இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் முடிகின்றன. இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்தளத்தில் தேங்கிக் கம்பளத்துக்கு வரும், அல்லது அடிச்சட்டத்தின் உள்ளே நின்று துருவாக வெளிப்படும். 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கைக்கு அடியில், தரையின் தாழ்ந்த இடத்திலேயே இருக்கிறது. வடிகால் அடைத்தால் முதலில் மூழ்குவது அதுதான், பூஞ்சண வாடை வருவதற்குள் வண்டி சாவியை அடையாளம் காண மறுத்துவிடும். நூறாண்டுகளுக்கு முன் மெத்தைக்கடியில் சுருட்டித் திணித்த ஈரத்திரை கண்ணுக்காவது தெரிந்தது. இது தெரிவதே இல்லை. சர்வீஸ் பட்டியலில் எண்ணெயும் வடிகட்டியும் தவறாமல் இருக்கின்றன, வடிகால் சுத்தம் பல பட்டறைகளில் கேட்டால்தான் நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறையாவது, இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறையும் பெருமழைக் காலத்துக்கு முன் ஒருமுறையும், அதைச் செய்தாக வேண்டும்.

செய்முறை எளிது. புல் வெட்டும் எந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பை, முனையை நெருப்பில் காட்டி மழுக்கிக்கொண்டு, தூம்பின் வாயில் நுழைத்துத் திருகித் திருகி இறக்க வேண்டும். அழுத்தக் காற்றை அடிக்கக் கூடாது, குழாய் உள்ளேயே இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் அப்புறம் மழை நேராகக் காருக்குள்தான். நரம்பு தடையில்லாமல் இறங்கியதும் ஒவ்வொரு பக்கமும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, காரின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஊற்றிய அளவு இரண்டு பக்கமும் வந்தால் சரி. ஒரு பக்கம் குறைவாக வந்தால் அந்தப் பக்கத்துக் கம்பளத்தை அன்றே தூக்கிப் பார்ப்பது நல்லது.